துரை காலத்துப் புகழ்பாட்டு

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜூந்தை வட்டாரத்தில் முன்னாள் தோட்ட மக்கள் கூடும் இடமெல்லாம் தவறாமல் எழும் பேச்சு ஒன்று உண்டு: துரை காலம் போல வருமா? வீடு சும்மா, தண்ணீர் சும்மா, மருந்து சும்மா, கைக்குழந்தைக்கு ஆயாக் கொட்டகை, சாமிக்குக் கோயில், திருவிழாவுக்குத் துரை கையால் நன்கொடை. திண்ணையில் இருந்த பேச்சு இப்போது மேடையேறிவிட்டது. பேரப்பிள்ளைகள் கைபேசியில் துரை பங்களாவின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பகிர்ந்து பெருமூச்சு விடுகிறார்கள். அந்த பங்களாப் படியை மிதிக்கத் தாத்தாவுக்கு அனுமதி இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

சிலாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஆட்சி 1874இல் தொடங்கியது. 1896இல் பேரா, நெகிரி செம்பிலான், பகாங் ஆகியவற்றுடன் அது ஐக்கிய மலாய் மாநிலங்களில் சேர்க்கப்பட்டது. அரியணை சுல்தானுக்கு, கஜானா சாவி ரெசிடெண்டுக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏற ஏற, சிலாங்கூர் ஆற்றுப் பக்கத்துக் காடெல்லாம் பால்மரமானது. திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்து ஆள் வந்தது. சஞ்சிக்கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறை 1938 வரை ஓடியது.

பத்தாங் பெர்ஜூந்தை பக்கத்தில் தோட்டம் போட்ட பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகொன்னியேவைப் புகழ்பாடிகள் விடவே மாட்டார்கள். நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917இல் அவருடைய தென்னமரம் தோட்டத்தில்தான் நடந்தது. தோட்ட வாழ்வை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசும் கிடைத்தது. நல்ல எழுத்தாளர், மறுப்பில்லை. அதே 1930இல் ரப்பர் விலை விழுந்ததும் தோட்டத்து ஆணின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண்ணின் கூலி 40 காசிலிருந்து 32 காசாகவும் குறைக்கப்பட்டது. வேலையில்லாத பல்லாயிரம் பேர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு யாரும் பரிசு தரவில்லை.

இந்தப் பொற்காலத்தை அளக்கப் புள்ளிவிவரம் அதிகம் வேண்டாம், ஒரு சைக்கிள் போதும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் வாலாட்டுவதற்கு முடிவு, சங்கம் அமைக்கும் உரிமை என்று கோரிக்கைப் பட்டியல் நீண்டது. அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: துரையோ தோட்ட அதிகாரியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும்.

சைக்கிள் துரை கொடுத்ததல்ல. கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியது. செம்மண் சாலையில் வேலை முடிந்து போகிறவன், எதிரே தொப்பி தெரிந்ததும் பிரேக் பிடித்து, இறங்கி, ஓரமாக நின்று, தொப்பி கடந்தபின் ஏறவேண்டும். இறங்காதவனைக் கேள்வி கேட்கத் தோட்டத்து எழுத்தரான கிராணி இருந்தார். அவர் பெரும்பாலும் தமிழரோ மலையாளியோதான் என்பது தனிக் கேவலம். இதை நிறுத்தச் சொல்ல வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. நாதன் நாடு கடத்தப்பட்டார். மே மாதம் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, படை இறக்கப்பட்டு, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். அது கிள்ளான் கதை, நம் பக்கத்துத் துரைமார் தங்கம் என்பவர்களுக்கு ஒரு தகவல்: காப்பாரும் ஜெராமும் கோல சிலாங்கூரும் கிள்ளானிலிருந்து வடக்கே வரும் அதே சாலையில்தான் இருக்கின்றன.

பள்ளிக்கூடம் துரையின் தர்மமாம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கட்டளையிட்டது. கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர் வள்ளலாகிவிட்டார். பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். பள்ளி அவ்வளவு நன்றாக இருந்திருந்தால் வேலைநிறுத்தக்காரர்கள் சைக்கிளோடு படிப்பையும் ஏன் கேட்டார்கள்? கள்ளுக்கடையைக் கேளிக்கை வசதிக் கணக்கில் சேர்ப்பவர்களும் உண்டு. அதை மூடச் சொன்னவர்கள் தொழிலாளர்களே.

சட்டம் ஒழுங்கு சீராக இருந்தது என்பது அடுத்த பல்லவி. 1948 டிசம்பரில் உலு சிலாங்கூரின் பத்தாங் காலியில், ஒரு ரப்பர் தோட்டத்தில், ஆயுதமில்லாத 24 சீனர்களைப் பிரிட்டிஷ் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். உறவினர்கள் கேட்ட பொது விசாரணையை 2015இல் லண்டன் உச்சநீதிமன்றமும் மறுத்துவிட்டது. சீர்தான்.

கடைசியாக எடுத்து வீசப்படும் சீட்டு ஒன்று: துரை யாரையும் வெளியேற்றவில்லை, பின்னால் வந்த கம்பெனிகள்தான் வெளியேற்றின. வேலை இருக்கும்வரை லயத்து வீடு, வேலை போனால் வீடும் போகும் என்ற ஏற்பாடு யாருடையது? சும்மா கிடைத்த வீட்டின் விலை அதுதான். மெர்டேகாவை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளை முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, ஆயிரக்கணக்கானோர் நடுத்தெருவில் நின்றார்கள். அந்தச் சூட்டில்தான் 1960இல் வீ.தி. சம்பந்தன் தொழிலாளர் பணத்தைத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னாளில் வட சிலாங்கூரின் புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, மின்னியாக், நைஜல் கார்ட்னர் தோட்டத்து மக்கள், வாக்களிக்கப்பட்ட வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அலைந்தார்கள். கைவிட்டது புதியவர்கள், உழைத்தவன் பெயரில் ஒரு சாண் நிலம்கூட இல்லாமல் வைத்துவிட்டுப் போனது பழையவர்கள். ஒருவரைத் திட்டுவதற்காக மற்றவருக்கு மாலை போட வேண்டியதில்லை.

தோட்டக் கோயில் ஆண்டு மலருக்கு இனியும் துரை பங்களாப் படம் தேடுபவர்கள், அந்தப் பக்கத்தில் 1941ஆம் ஆண்டுக் கோரிக்கைப் பட்டியலை முழுமையாக அச்சிடுங்கள். சைக்கிள் கோரிக்கையைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.