தன்வந்திரி குத்தாத அம்மை

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து இலையிலிருந்து ஒரு கைபேசி என் மூக்குக்கு நேரே நீண்டது. ஓய்வுபெற்ற ஆசிரியர், உறவில் எனக்குச் சித்தப்பா முறை. "படிச்சுப் பாருப்பா. அம்மை குத்துறதை ஜென்னர்னு ஒரு வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சான்னு நாங்களே கிளாஸ்ல சொல்லிக்குடுத்தோம். அத்தனையும் பொய். நம்ம தன்வந்திரி எப்பவோ எழுதி வச்சிட்டார்."

படித்தேன். பசுவின் மடியில் வரும் கொப்புளத்திலிருந்தோ, மனிதனின் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே உள்ள கொப்புளத்திலிருந்தோ கத்தி முனையில் நீரை எடுத்து, இன்னொருவர் கையில் ரத்தம் துளிர்க்கக் கீறிக் கலந்தால் பெரியம்மை அண்டாது என்று தன்வந்திரி சொன்னாராம். நூலின் பெயர் 'சாக்தேய கிரந்தம்'. கீழே தேசியக் கொடியும் கும்பிட்ட கைகளும்.

பாயசம் வந்துவிட்டதால் நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அந்தச் செய்தி பொய். அதுவும் நம் சென்னையில் பிறந்த பொய். அதைப் பெற்றவர் ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் என்பதே வலுவான சந்தேகம்.

பெரியம்மையைத் தடுக்கும் பசு அம்மைப்பால் இந்தியாவுக்கு வந்தது 1802-இல். வியன்னாவிலிருந்து பாக்தாத், அங்கிருந்து பாஸ்ரா, பிறகு கப்பலில் பம்பாய். ஜூன் 14 அன்று ஆனா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு அது பிடித்தது. அந்தக் குழந்தையின் கையிலிருந்துதான் மற்ற ஊர்களுக்கும் பரவியது. ஐஸ் பெட்டி இல்லாத காலம். ஒரு குழந்தைக்குக் குத்தி, சுமார் எட்டாம் நாள் கொப்புளம் முற்றியதும் அதில் ஊறும் நீரை எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்த வேண்டும். கைக்குக் கை. சங்கிலி அறுந்தால் மருந்தே கிடையாது.

யார் வீட்டுப் பிள்ளையின் சீழ் நம் பிள்ளை உடம்பில் ஏறுவது என்று சாதி பார்த்தார்கள். ஆத்தா இறங்கியிருக்கும்போது கத்தியைத் தீட்டுவதா என்று பயந்தார்கள். கூப்பிட்டால் ஜனம் வரவில்லை. பசுவிலிருந்து வந்தது என்று சொன்னால் வருவார்களோ என்ற யோசனை வெள்ளைக்காரர்களுக்கு அங்கேதான் முளைத்தது.

சென்னைக் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸை நமக்குத் தெரியும். குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து உரை எழுதியவர். 'எல்லீசன்' என்று தன் பெயரையே தமிழாக்கிக்கொண்டு ராயப்பேட்டைக் கிணற்றில் கல்வெட்டு வைத்தவர். தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்று கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டு முன்னாலேயே, 1816-இல் எழுதியவர். சமஸ்கிருதமும் படித்தவர். அம்மை குத்துவதைப் பற்றி அவர் சமஸ்கிருதத்தில் ஒரு செய்யுள் இயற்றி, பழைய தாளில் எழுதவைத்து, எங்கோ கண்டெடுத்ததாக உலவவிட்டார் என்பதை அவர் காலத்து ஆங்கிலேயர்களே பதிவு செய்திருக்கிறார்கள். சக்தி, தன்வந்திரிக்குப் பசு அம்மையின் மகிமையைச் சொல்வதாகத் தமிழிலும் அவர் ஒரு கதை எழுதியிருக்கிறார். கெட்ட எண்ணமில்லை. பிள்ளைகள் பிழைக்கட்டும் என்றுதான் செய்தார். ஆனாலும் பொய் பொய்தான்.

1819 ஜனவரி 12 அன்று 'மெட்ராஸ் கூரியர்' பத்திரிகையில் ஒரு கடிதம் வந்தது. சாக்தேய கிரந்தம் அச்சேறியது அதில்தான். எழுதியவரின் கையொப்பம்: கல்வி விரும்பன். தமிழ்ப் புனைபெயர். இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகத் துருவிய சமஸ்கிருத அறிஞர் டொமினிக் வுஜாஸ்டிக், அதன் பின்னால் எல்லிஸின் கை இருப்பதாகவே சந்தேகிக்கிறார். நிரூபிக்க எல்லிஸ் இல்லை. அந்த மார்ச்சிலேயே ராமநாதபுரத்தில் இறந்துபோனார்.

பொய் சாகவில்லை. ஐரோப்பிய மருத்துவ நூல்களுக்குள் புகுந்து சுற்றிவிட்டு, 86 ஆண்டு கழித்துச் சென்னைக்கே திரும்பியது. 1905 பிப்ரவரியில், கிண்டியில் அம்மைப்பால் தயாரிக்கும் கிங் நிலையத்தைத் திறந்துவைத்த கவர்னர் ஆம்ப்தில், அந்த நிலையத்தின் பெயருக்குரிய கர்னல் கிங் சொன்னதாகச் சொல்லித் தன்வந்திரியின் அந்தப் பகுதியை மேடையில் எடுத்துரைத்தார். லாட் துரையே சொல்லிவிட்டார்! அப்புறம் யார் சரிபார்ப்பது? பெருமை பேசும் புத்தகங்கள் அதை எடுத்துக்கொண்டன. இன்று சித்தப்பாவின் கைபேசிவரை வந்திருக்கிறது. வெள்ளைக்காரனைத் தோற்கடிக்க நாம் ஏந்துகிற வாளும் வெள்ளைக்காரன் அடித்துக் கொடுத்ததுதான்.

எல்லிஸை விட்டுவிடுவோம். செய்தியையே உற்றுப் பாருங்கள். மனிதக் கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் எழும்பிய கொப்புளம் என்கிறதே, அது எப்படி அங்கே வந்தது? அம்மை தானாகப் போட்டால் முகம், கை, கால் என்று உடம்பெங்கும் வாரிப் போடும். மேல்கையில் ஒரே இடத்தில் கொப்புளம் வருவது, ஏற்கெனவே குத்தப்பட்டவனுக்குத்தான். 1802-க்குப் பிறகு தெருத்தெருவாக நடந்த கைக்குக்கை முறையை அப்படியே பார்த்து எழுதிய வரி அது. மசூரிகை என்ற பெயரில் அம்மையைச் சொல்லும் பழைய ஆயுர்வேத நூல்கள் எதிலும் பசு மடிக் கொப்புளம் கிடையாது. சாக்தேய கிரந்தத்துக்கு ஒரு சுவடிகூட இதுவரை யாரும் காட்டியதில்லை.

"அப்போ நம்ம ஆளுக்கு ஒண்ணுமே தெரியாதா?" என்று கோபம் வரும். தெரியும். அதற்கு நல்ல சாட்சியும் உண்டு. வங்காளத்தில் வீடு வீடாகப் போய் அம்மை குத்திய பிராமணர்களைப் பற்றி ஹால்வெல் என்ற ஆங்கில மருத்துவர் 1767-இல் விரிவாக எழுதினார். முந்தின வருஷத்துச் சீழைப் பஞ்சில் சேமித்து, கங்கை நீரால் நனைத்து, கையில் லேசாகக் கீறி வைப்பார்கள். பத்தியம் உண்டு, தலையில் குளிர்ந்த நீர் ஊற்றுவதும் உண்டு. ஆனால் அது பெரியம்மையின் சீழேதான். நூற்றுக்கு ஒருவர் இருவர் அதிலேயே போவார்கள். குத்திக்கொண்டவரிடமிருந்து அடுத்த வீட்டுக்கும் தொற்றும். சீனாவிலும் துருக்கியிலும் இதுபோன்ற வித்தை இருந்தது. பசு அம்மை வேறு சரக்கு: ஆளைக் கொல்லும் நோயைப் பரப்பாமலே காக்கும். அதைக்கூட ஜென்னர் முதலில் கண்டதாக இங்கிலாந்தில் யாரும் சாதிப்பதில்லை; ஜெஸ்டி என்ற விவசாயி 1774-லேயே தன் குடும்பத்துக்குக் குத்தியிருக்கிறார். ஜென்னர் 1796-இல் ஒரு சிறுவனுக்குக் குத்தியதோடு நிற்காமல், பின்னர் நிஜ அம்மையையே குத்தி அது பிடிக்கவில்லை என்று பார்த்து, 1798-இல் அச்சிட்டு ஊருக்குச் சொன்னார். பேர் அதற்கு.

எனக்கு ஆத்திரம் வருவது வேறொரு காரணத்தால். என் அப்பத்தாவின் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. விரலால் தடவினால் அரிசி கொட்டிய பாய்போல் இருக்கும். கூடப் பிறந்தவர்களில் இரண்டு பேரை ஒரே பங்குனியில் பறிகொடுத்தவள். 1974-இல்கூட இந்நாட்டில் சுமார் 1,88,000 பேருக்கு அம்மை கண்டு 31,000 பேர் செத்தார்கள். ஆயிரக்கணக்கான வருஷமாகத் தெரியும் என்றால், தெரிந்துகொண்டே இவர்களைச் சாகவிட்டது யார்? அந்தக் குற்றத்தை நம் முன்னோர் தலையில் கட்டுகிறோம் என்பதுகூட உறைக்காமல் கும்பிட்ட கை போட்டு அனுப்புகிறோம்.

சித்தப்பா, உங்கள் கையில் வட்டமாக ஒரு தழும்பு இருக்கிறது. சின்ன வயதில் அம்மை குத்த ஆள் வந்தபோது வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்த கதையை நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அன்று குத்திய பால் கிண்டியில் கன்றுக்குட்டியின் தோலில் வளர்த்ததாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்தச் செய்தியை உங்களுக்கு அனுப்பியவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: சாக்தேய கிரந்தச் சுவடி எந்த நூலகத்தில், எந்த எண்ணில் இருக்கிறது? பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள். வராவிட்டால் தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள்.