உங்கள் பங்கு யார் பெயரில் இருக்கிறது?

போன மாதம் ஒரு தம்பி அழைத்தான். கவிதை எழுதுகிறவன். முதல் வேலை, முதல் சம்பளம். "அண்ணே, ஒரு லிங்க் அனுப்புறேன், அதுல போய் அக்கவுண்ட் திறங்க. உங்களுக்கும் காசு, எனக்கும் காசு." பங்கு வாங்கி விற்கும் செயலி ஒன்று. அதில் என்ன விசேஷம் என்று கேட்டேன். "கமிஷன் ரொம்பக் கம்மிண்ணே. அஞ்சு நிமிஷத்துல திறந்துடலாம். ரிவியூ எல்லாம் சூப்பர்."

அந்த ரிவியூக்களில் சிலவற்றை உட்கார்ந்து பார்த்தேன். தமிழிலும் இருக்கின்றன. திரை அழகாக இருக்கிறது, வேகமாக இருக்கிறது, சேர்ந்தவுடன் பரிசு கிடைக்கிறது, கடைசியில் பேசுகிறவரின் ரெஃபரல் கோட். நீங்கள் சேர்ந்தால் தனக்குக் காசு வரும் என்ற நிலையில் ஒருவர் சொல்வது விமர்சனம் அல்ல, தரகு. பதிப்பாளரிடம் பிரதிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஒருவர் நாவலுக்கு மதிப்புரை எழுதினால் நாம் அவரைச் சும்மா விடுவோமா? ஒரு கவிதையின் இடைவெளியில் ஒளிந்திருப்பதை இரண்டு மணி நேரம் பேசுகிற நாம், சேமிப்பைக் கொடுக்கும் இடத்தில் மட்டும் ஒப்பந்தத்தைக் கடைசிவரை உருட்டிவிட்டு 'ஏற்கிறேன்' என்று அழுத்துகிறோம்.

என் கட்சி இதுதான். ஒரு பங்கு வணிகத் தளத்தை எடைபோட இரண்டு கேள்விகள் முக்கியம். அது எதில் சம்பாதிக்கிறது? அங்கே வாங்கும் பங்கு யார் பெயரில் இருக்கிறது? திரையின் அழகு இதற்கெல்லாம் அப்புறம்தான்.

முதல் கேள்விக்கு நான் கட்டணம் கட்டித்தான் பதில் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு செயலியில் 3,000 ரிங்கிட் போட்டேன். ஒரு முறை வாங்கவோ விற்கவோ குறைந்தபட்சக் கட்டணம் 7 ரிங்கிட். நாலு வெள்ளை காப்பிக் காசுதானே என்று நினைத்தேன். காலையில் பச்சை தெரிந்தால் வாங்குவேன், மத்தியானம் சிவப்பு தெரிந்தால் விற்பேன். மூன்று மாதத்தில் 38 முறை. கணக்குப் போட்டால் 266 ரிங்கிட், அதாவது போட்ட முதலில் கிட்டத்தட்ட 9 விழுக்காடு. முத்திரை வரியும் தீர்வுக் கட்டணமும் தனி. இபிஎஃப் 2024-க்கு அறிவித்த லாப ஈவு 6.30 விழுக்காடு. ஒன்றுமே செய்யாமல் ஓராண்டில் அங்கே கிடைப்பதைவிட அதிகமாக, மூன்றே மாதத்தில் நான் கட்டணமாகக் கொடுத்திருந்தேன்.

தப்பு என் விரலில்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விரலை யார் அரித்துக்கொண்டே இருந்தார்கள்? 'உங்கள் பங்கு 3 விழுக்காடு ஏறிவிட்டது' என்று நாளுக்கு எத்தனை முறை போன் சிணுங்கியது! நான் பங்கை வாங்கிப் பத்து வருடம் வைத்திருந்தால் தளத்துக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது. நான் பதறினால்தான் அதற்கு வரும்படி. அமெரிக்காவின் ராபின்ஹூட் செயலி, வாடிக்கையாளர் பங்கு வாங்கியதும் திரையில் வண்ணக் காகிதத் துணுக்குகளைத் தூவிக் கொண்டாடியது. முதலீட்டைச் சூதாட்டம்போல ஆக்குகிறது என்ற கண்டனம் வலுத்த பிறகு 2021-இல் அதை நிறுத்தினார்கள். கமிஷனே கிடையாது என்பவர்களும் தர்மச் சத்திரம் நடத்தவில்லை. வெளிநாட்டுப் பங்கு என்றால் ரிங்கிட்டை டாலராக மாற்றும் விகிதத்தில் எடுப்பார்கள், அல்லது 'தளக் கட்டணம்' என்று வேறு பெயரில் எடுப்பார்கள்.

இரண்டாவது கேள்வியைத் தம்பியிடம் கேட்டேன். "என் பேர்லதாண்ணே இருக்கு, வேற யார் பேர்ல இருக்கும்?" கணக்கு விவரத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நாமினின்னு போட்டிருக்கு. அப்படின்னா என்னண்ணே?"

நேரடி சிடிஎஸ் கணக்கு என்றால் பங்கு புர்சா மலேசியாவின் வைப்பகத்தில் உங்கள் பெயரிலேயே பதிவாகும். நாமினி கணக்கில் பதிவேட்டில் இருப்பது தரகு நிறுவனம் ஏற்படுத்திய நாமினி நிறுவனத்தின் பெயர். பயன் உங்களுக்கு, பெயர் அவர்களுக்கு. லாப ஈவு அவர்கள் வழியாக வரும். ஆண்டுக் கூட்டத்தில் கலந்துகொள்ளவும் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். இது சட்டப்படியான ஏற்பாடு, மோசடி அல்ல. கட்டணம் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் எதை விட்டுக்கொடுத்து அந்த மலிவு கிடைக்கிறது என்று நான் பார்த்த எந்த ரிவியூவும் சொல்லவில்லை.

இதெல்லாம் காகிதச் சமாச்சாரம் என்பவர்கள் சிங்கப்பூரில் வயதானவர்களிடம் 'கிளோப்' என்று சொல்லிப் பார்க்கட்டும். சிங்கப்பூரில் நடந்த அந்தச் சந்தையில் வாங்கிய மலேசியப் பங்குகள், இங்கே வாங்கியவர்கள் பெயரில் இல்லை, நாமினி பெயரில் இருந்தன. 1998 செப்டம்பரில் மலேசியா மூலதனக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தபோது அவை முடங்கின. ஏறத்தாழ 172,000 முதலீட்டாளர்கள். பங்குகள் விடுபட ஆண்டுகள் பிடித்தன. நல்ல காலத்தில் யாரும் பெயரைப் பார்ப்பதில்லை.

அப்படியானால் பழைய வழியே மேலா? இல்லை. நம் பழைய வழி மைக்கா. 1980-களில் ம.இ.கா. தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸில் ஏறத்தாழ 66,000 இந்தியர்கள் 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் போட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களின் பணமும் அதில் இருந்தது. அது பங்குச் சந்தைக்கு வரவே இல்லை. 2010-இல் ஒரு தனியார் நிறுவனம் பங்குக்கு 80 சென் தர முன்வரும்வரை பலருக்கு வெளியேற வழியே இல்லை. இன்று போனில் ஒரு நிமிடத்தில் விற்றுவிட்டு வெளியே வரலாம். அது பெரிய சுதந்திரம், அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அன்று தலைவரின் முகத்தை நம்பிக் கேள்வி கேட்காமல் போட்டோம். இன்று திரையின் பளபளப்பை நம்பிக் கேள்வி கேட்காமல் போடுகிறோம். பணத்தைப் பற்றிப் பேசுவது இலக்கியவாதிக்கு இழுக்கு என்று விலகி நிற்பவர்களும் இதற்கு உடந்தை. நாம் பேசாத இடத்தில்தான் ரெஃபரல் கோட்காரர் பேசுகிறார்.

தம்பியின் லிங்க்கில் நான் சேரவில்லை. அவனைச் செயலியை அழிக்கவும் சொல்லவில்லை. போன மூன்று மாதத்தில் எத்தனை முறை வாங்கி விற்றான், மொத்தம் எவ்வளவு கட்டணம் கட்டினான் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். இன்னும் வரவில்லை.