எலிக்குடலில் தொடங்கிய வைத்தியம்
ஒரு விஞ்ஞானியின் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி அவர் மதிப்பை முடிவுசெய்வது இன்றைய பல்கலைக்கழக வழக்கம். நோயெதிர்ப்பியல் ஆய்வாளர் ஃபியோனா பௌரியின் விஷயத்தில் அந்தக் கணக்கு பெரும்பகுதியைத் தவறவிடும். 1990களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ராபர்ட் காஃப்மனுடன் அவர் செய்த சோதனையைப் பாருங்கள். டி செல்கள் எனும் நோயெதிர்ப்புச் செல்கள் சொந்தமாக இல்லாத சுண்டெலிகளுக்குள் ஒருவகை டி செல்லை மட்டும் பிரித்துச் செலுத்தினார்கள். பெருங்குடல் அழற்சி கண்டு அவை மெலிந்தன. இன்னொரு வகையையும் சேர்த்துச் செலுத்தியபோது குடல் தப்பியது. இரண்டு வகையுமே ஆரோக்கியமான எலிகளிடமிருந்து எடுத்தவை. இப்படி நோயெதிர்ப்பை அடக்கிவைக்கும் செல்கள் உண்டு என்று சொன்னாலே பலர் உதட்டைப் பிதுக்கிய காலம் அது. பிறகு 2006இல், இன்டர்லூக்கின்-23 என்ற புரதம் குடல் அழற்சியைத் தூண்டுவதை ஆக்ஸ்ஃபோர்டில் அவர் குழு எலிகளில் காட்டியது. அந்தப் புரதத்தைத் தடுக்கும் ரிசாங்கிசுமாப், 2022இல்தான் அமெரிக்காவில் குரோன் எனும் குடல் அழற்சி நோய்க்கு அனுமதி பெற்றது. மருந்தைச் செய்தவர்கள் வேறு. மற்ற ஆய்வகங்களுக்கும் இதில் பங்குண்டு. ஆனாலும் இடையில் ஓடியவை 16 ஆண்டுகள். மூன்றாண்டு நிதி தந்துவிட்டு ‘பலன் எங்கே?’ என்று கேட்கும் குழுக்கள் இத்தனை காலம் பொறுத்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். இத்தனைக்கும் அந்த முதல் சோதனை நடந்த கலிஃபோர்னிய ஆய்வகம் அப்போது லாபம் பார்க்கும் ஒரு மருந்து நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது.