ஜெயில் வழக்கில் அரசு வக்கீல் யாருடைய ஆள்?

மேல்சித்தாமூர் என்றதும் சமண மடம்தான் நினைவுக்கு வரும். பார்சுவநாதர் கோவிலும் தேர்த் திருவிழாவும் வரும். கொல்லாமை பேசுகிற ஊர். ஆனாலும் வரப்புத் தகராறும் அடிதடியும் இல்லாத ஊர் எங்கே இருக்கிறது? செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்தில் ஒருவருக்கு ஆயுள் தண்டனை விழுந்தால் கடலூர் மத்திய ஜெயிலுக்குத்தான் கொண்டு போவார்கள். கேப்பர் மலையில் இருக்கிறது அது. மனு பார்க்க வருகிற மனைவி பஸ் மாறி மாறிப் போய்ச் சேருவதற்குள் பாதி நாள் ஓடிவிடும்.

அந்தக் கைதியின் தாயார் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மகன் வந்து முகம் பார்க்கவேண்டும். 1982-ம் ஆண்டு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. அவசர விடுப்பு என்று பெயர். நெருங்கிய உறவினர் சாவு, கடும் நோய், கல்யாணம் இவற்றுக்குக் கொடுக்கலாம். சாதாரண விடுப்பு வேறு. அதற்கு நன்னடத்தை அதிகாரி ஊருக்குப் போய் விசாரித்து அறிக்கை தரவேண்டும். 'இவன் வந்தால் எதிராளி சும்மா இருக்கமாட்டான்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், மனு தள்ளுபடி!

மனைவி சென்னை ஐகோர்ட்டுக்கு ஓடுவாள். அங்கே கறுப்பு அங்கியோடு ஒருவர் எழுந்து நிற்பார். அவர்தான் அரசு வக்கீல்.

"எம்புருசனை விடக்கூடாதுன்னு சொல்ல வந்தவரு இவருதானா?" என்று அவள் கேட்பாள். அவளைக் குறை சொல்லமுடியாது. ஜெயில் அதிகாரியும் அப்படித்தான் நினைக்கிறார். சில அரசு வக்கீல்களே அப்படித்தான் நினைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வருகிறார்கள். கோளாறு அங்கேதான் இருக்கிறது.

அவர் ஜெயில் சூப்பிரண்டின் வக்கீல் அல்ல. சர்க்காரின் வக்கீல். சர்க்கார் என்றால் வரி கட்டுகிற கடைக்காரரும் உண்டு, பைல் பார்க்கிற குமாஸ்தாவும் உண்டு, அந்தக் கைதியின் மனைவியும் உண்டு. பைல் சரியாக இருந்தால் வாதாடட்டும். தப்பாக இருந்தால், "இதில் தப்பு இருக்கிறது, விட்டுவிடுங்கள்" என்று சர்க்காரிடம் சொல்லவேண்டியதும் அவர்தான். துறையின் பெயரையே பாருங்கள்: சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை. பெயரில் பாதி சீர்திருத்தம்! வாதத்தில் கால்வாசியாவது இருக்கவேண்டாமா?

குண்டர் சட்டம்

குண்டர் சட்ட வழக்குகளைப் பாருங்கள். 1982-ம் ஆண்டு 14-வது சட்டம். மாவட்டத்தில் கலெக்டர் கையெழுத்துப் போட்டால் விசாரணை இல்லாமலே 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். 3 வாரத்தில் ஆலோசனைக் குழுவுக்கு அனுப்பவேண்டும். 7 வாரத்தில் குழு அறிக்கை தரவேண்டும். இவ்வளவு கெடு வைத்திருந்தும் எத்தனையோ உத்தரவுகள் ஐகோர்ட்டில் ரத்தாகின்றன. காரணம் என்ன தெரியுமா? கைதியின் மனுவுக்குப் பதில் சொல்ல தாமதம். கொடுத்த நகல் படிக்கமுடியவில்லை. தமிழ் மொழிபெயர்ப்பு தரவில்லை. இதெல்லாம் ஒரு நல்ல அரசு வக்கீல் பைலைப் புரட்டினால் பத்து நிமிஷத்தில் கண்டுபிடிக்கிற சங்கதி. ஆனால் பைல் அவர் கைக்கு வரும்போது அந்த ஆள் பல மாதம் உள்ளே இருந்திருப்பான். அவன் நிஜமாகவே ரவுடி என்றால் அதுவும் நஷ்டம்தான். ஒரு ஜெராக்ஸ் நகல் கோளாறால் வெளியே வந்துவிடுகிறானே!

வைத்தீஸ்வரன் வழக்கு பழையவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1975-ல் தூக்குத் தண்டனை பெற்றவர். எட்டு வருஷம் தனிமைச் சிறை. சாவுத் தண்டனை என்றாலும் இப்படித் தனியே பூட்டி வைக்கக்கூடாது என்று சுனில் பத்ரா வழக்கில் 1978-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருந்தது. அப்படியும் கதவு திறக்கவில்லை. கடைசியில் 1983 பிப்ரவரியில் தூக்கு, ஆயுளாகக் குறைந்தது. இரண்டு வருஷ தாமதமே போதும் என்று அந்தத் தீர்ப்பில் சொன்னதை அடுத்த மாதமே வேறு நீதிபதிகள் ஒப்பவில்லை. அது வேறு கதை. 1978-க்குப் பிறகாவது ஒரு அரசு வக்கீல் ஜெயிலுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கக் கூடாதா என்பதுதான் கேள்வி.

1994-ல் ஆட்டோ சங்கர் சுயசரிதை விவகாரம். பத்திரிகை அதை வெளியிடக்கூடாது என்று ஜெயில் இலாகா ஐ.ஜி. கடிதம் எழுதினார். அச்சாவதற்கு முன்பே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை கிடையாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. முதலில் கடிதம் போய்விடும், பிறகு அதைக் காப்பாற்ற வக்கீலைத் தேடுவார்கள். இதுதான் இலாகாவின் பழக்கம்.

பேரறிவாளன் வழக்கில் இன்னொரு வேடிக்கை. 2018 செப்டம்பரில் தமிழக மந்திரிசபை விடுதலைக்குப் பரிந்துரை செய்தது. கவர்னர் முடிவு சொல்லாமல் ஜனாதிபதிக்கு அனுப்பினார். ஒரே வழக்கில் மாநில அரசு வக்கீல் ஒரு பக்கம், மத்திய அரசு வக்கீல் எதிர்ப்பக்கம்! 2022 மே 18-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டே விடுதலை செய்தது. அதற்குள் 31 வருஷம் போய்விட்டது.

பரீட்சை யாருக்கு?

மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் நிற்கிற உதவி அரசு வக்கீல், தேர்வாணையப் பரீட்சை எழுதி வருகிறார். ஐகோர்ட்டில் நிற்பவருக்கு அந்தப் பரீட்சை கிடையாது. ஆட்சி மாறினால் ஆளும் மாறுவார். ஜெயில் விதி என்னவென்று அவர் படித்து முடிக்கும்போது தேர்தல் வந்துவிடும்! தகுதி பார்த்து, ஒளிவு மறைவு இல்லாமல் அரசு வக்கீல்களை நியமியுங்கள் என்று சுப்ரீம் கோர்ட்டு 2016-ல் பஞ்சாப் வழக்கில் சொன்னது. அதை எல்லா மாநிலமும் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லோரையும் பழிக்கவேண்டாம். "என்னிடம் பதில் இல்லை, அவகாசம் வேண்டாம், மனுவை அனுமதித்துவிடலாம்" என்று எழுந்து சொல்ல தைரியம் உள்ள அரசு வக்கீல்களும் உண்டு. அப்படிச் சொன்னவருக்கு இலாகாவில் கெட்ட பெயர்தான் மிச்சம். தோற்றால் மேல்முறையீடு, ஜெயித்தால் பாராட்டு என்ற கணக்கில் அவரை எங்கே சேர்ப்பது?

ஜெயில் வழக்குகளுக்கென்று தனியாக, ஆட்சி மாறினாலும் மாறாத வக்கீல்கள் சிலரை வைக்கட்டும். மாதம் ஒருமுறை கடலூருக்கும் விழுப்புரம் வேடம்பட்டு ஜெயிலுக்கும் அவர்களே நேரில் போகட்டும். நிராகரித்த விடுப்பு மனுக்களை, கோர்ட்டுக்கு வருவதற்கு முன்பே அங்கே உட்கார்ந்து படிக்கட்டும். சாவு வீட்டு மனு என்றால் அன்றைக்கே பதில் எழுதட்டும். மேல்சித்தாமூரில் பிணத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் காத்திருப்பார்கள்?