ஒரு கட்டை வைக்கக் கூடாதா, பெற்றோர்களே?

நேற்று மாலை நாலேகாலுக்கு நம் பிள்ளைகளின் பள்ளி வாசலில் நின்று எண்ணினேன். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கியவர்கள் பதினொரு பேர். ஐந்து வண்டிகளில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றில் பிள்ளை உள்ளே உட்கார்ந்திருக்க, அப்பா எதிர்க்கடையில் பஜ்ஜி வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு ஸ்கூட்டரில் முன்பக்கம் நின்ற நாலு வயதுப் பையன் ஆக்சிலரேட்டரைப் பிடித்தபடி வாயாலேயே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் அம்மா அக்காவைக் கூட்டிவரக் கேட்டுக்குள் போயிருந்தார். அவன் கைக்குக் கீழே எஞ்சின் உயிரோடு இருந்தது.

கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்கிறீர்கள். "ஒரு நிமிசந்தானுங்க." கோபமாகத்தான் எழுதுகிறேன். நானும் அந்த ஒரு நிமிசக்காரன்தான் என்பதால் இந்தக் கோபத்தில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

போன ஐப்பசியில் எங்கள் கொப்பரைக் களத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மேற்கே வானம் கறுத்துவிட்டது. காயப்போட்ட கொப்பரையைக் குவித்துத் தார்ப்பாய் போட ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். சரக்கு ஏற்ற வேண்டிய சின்ன யானை வண்டியைக் குடோன் சாய்தளத்தில், களத்தைப் பார்த்த மாதிரி நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் போட்டேன். கியர் நியூட்ரலில் இருந்தது. முன்சீட்டில் இருந்த என் ஆறு வயது மகளிடம், "எறங்காத கண்ணு, மழை வருது" என்று சொல்லிவிட்டு ஓடினேன். வண்டி அசையாமல் நின்றது, நானும் திரும்பிப் பார்த்தேன்.

அப்போது அது காலி வண்டி. பத்து மூட்டை ஏறியதும் அரை டன் கூடிவிட்டது. ஒவ்வொரு மூட்டை விழும்போதும் வண்டி குலுங்கியது. தளர்ந்துபோன பிரேக் கேபிள் காலி வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்ததே தவிர, சுமை வண்டியைப் பிடிக்க அதற்கு வலு இல்லை. என் மகள் எதையும் தொடவில்லை. யாருமே தொடவில்லை. வண்டி தானாகவே கிளம்பியது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வண்டிக்கு முன்னால் போய் நின்றேன், கையால் தள்ளி நிறுத்திவிடலாம் என்று. எங்களிடம் மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார். "கொப்பரையில போயி நின்னுக்குமுங்க, நீங்க எதுக்குங்க குறுக்க போறீங்க!" அவர் சொன்னபடியே வண்டி குவியலில் ஏறி நின்றது. அந்தக் குவியலை அள்ளிக்கொண்டிருந்த இரண்டு பொம்பிளைப் பிள்ளைகள் சற்று முன்புதான் தார்ப்பாய் எடுக்கப் போயிருந்தார்கள். அவர்கள் அங்கேயே இருந்திருந்தால் என்று நினைத்து இன்றும் இரவில் விழித்துக்கொள்கிறேன்.

இதை உங்களிடம் சொன்னபோது, "களத்துல சாய்தளம் இருந்துச்சு, எங்க தெருவுல ஏதுங்க எறக்கம்?" என்றீர்கள். காங்கேயத்தில் மேடு என்றால் சிவன்மலைதான், மற்றதெல்லாம் சமதளம் என்று நம் எல்லாருக்கும் ஒரு நினைப்பு. அடுத்த மழைக்கு உங்கள் தெருவில் நின்று பாருங்கள். தண்ணீர் ஏதாவது ஒரு பக்கமாக ஓடுகிறது அல்லவா? அது போகிற பக்கம் உங்கள் வண்டியும் போகும்.

நல்ல சாலையில் உருளும் சக்கரத்துக்குத் தரை கொடுக்கும் தடை, வண்டி எடையில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைதான். ஐம்பது அடிக்கு ஓர் அடி இறங்கினாலே எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அதைக் கீழே இழுக்கிறது. இருபது அடிக்கு ஓர் அடி என்றால், ஒரு டன் காரை இரண்டு 25 கிலோ அரிசிச் சிப்பத்தின் பளு இழுத்துக்கொண்டே இருக்கிறது. விட்டுவிட்டால் பத்து நொடியில் மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். பெரியவர்கள் ஓடும் வேகம் அது. நாலு வயதுப் பிள்ளை அதற்கு முன்னால் ஓடித் தப்ப முடியாது. உருளும் வண்டிக்கு எஞ்சின் சத்தம்கூட இருக்காது, பிள்ளை திரும்பிப் பார்ப்பதற்கு.

இது பெரிய வண்டிக்கும் நடக்கிறது. 2024 பிப்ரவரி 25 அன்று ஜம்முவின் கதுவா நிலையத்தில் நின்றிருந்த சரக்கு ரயில் ஓட்டுநர் இல்லாமலே உருண்டது. 53 பெட்டிகள், அத்தனையிலும் ஜல்லி. பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டம் வரை எழுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. வழியில் கேட்டுகளை மூடினார்கள், பாதையைக் காலி செய்தார்கள். கடைசியில் அதை நிறுத்த உச்சி பஸ்ஸியில் தண்டவாளத்தில் மரக்கட்டையும் மணல் மூட்டையும்தான் போட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. புறப்பட்ட இடத்திலேயே ஹேண்ட் பிரேக்கைச் சரியாகப் போட்டுக் கட்டையும் வைத்திருந்தால் மறுநாள் பேப்பரில் அந்தச் செய்தியே வந்திருக்காது.

உருளும் வண்டியைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2016 ஜூனில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆன்டன் யெல்சின் என்ற நடிகர் தன் வீட்டு இறக்கத்தில், தன் ஜீப்புக்கும் கேட்டுத் தூணுக்கும் நடுவில் சிக்கி இறந்துபோனார். வயது 27. வண்டி பார்க்கிங்கில் நிற்கிறதா இல்லையா என்று ஓட்டுநருக்குக் குழப்பம் வருகிறது என்பதால், அந்த மாடலைத் திரும்ப அழைப்பதாக நிறுவனம் அந்த ஏப்ரலிலேயே அறிவித்திருந்தது. ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிறவர்கள் "பி-யில போட்டா போதும்" என்று என்னிடம் இனிமேல் சொல்லாதீர்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியின் பளுவை அது தாங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் பி.

மற்றவர்களுக்கும் அதே வரிசைதான். கால் பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலுக்கு வந்து ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். காலை மெதுவாக எடுத்துப் பாருங்கள். அசைந்தால் கேபிளை இறுக்க மெக்கானிக்கிடம் போங்கள், இருநூறு முந்நூறு ரூபாய் வேலைக்குத் தள்ளிப்போடாதீர்கள். நாலைந்து சொடுக்கில் பிடித்த லீவர் இப்போது பத்து சொடுக்குக்கு மேல் வருகிறது என்றால் அது உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்புறம் எஞ்சினை நிறுத்திக் கியர் போடுங்கள்: மூக்கு மேட்டைப் பார்த்தால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்தால் ரிவர்ஸ். நம் தெருக்களில் நடைபாதை விளிம்பு கிடையாது, அதனால் இரண்டு நேரத்திலும் முன்சக்கரத்தை இடதுபுறம், சாலைக்கு வெளிப்பக்கமாக ஒடித்து வையுங்கள். ஓடினாலும் நடுரோட்டுக்குப் போகாமல் ஓரத்துக்குப் போகும். அந்த ஓரத்தில் குழந்தைகள் விளையாடுகிற திண்ணை இருந்தால் அங்கே நிறுத்தவே வேண்டாம்.

கடைசியில் கட்டை. இறக்கத்தின் பக்கம், டயரை ஒட்டி. மூட்டை ஏற்றும் வண்டியாக இருந்தால் ஏற்றத் தொடங்கும் முன்பே.

சட்டமும் இதையேதான் கேட்கிறது. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆம் பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். பொது இடத்தில் நிற்கும் வண்டியின் ஓட்டுநர் சீட்டில் லைசென்ஸ் உள்ள ஆள் இருக்க வேண்டும். இல்லையென்றால் எஞ்சினை நிறுத்தி, பிரேக் போட்டு, ஆள் இல்லாத நேரத்தில் வண்டி தானாக நகர்ந்துவிடாதபடி செய்திருக்க வேண்டும். பள்ளி வாசலில் நேற்று எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த அந்த ஐந்தில் ஒன்றுகூட இதில் தேறாது.

ஸ்கூட்டர்காரர்களே, உங்களைத்தான் அதிகம் பயந்து பார்க்கிறேன். முன்னால் நிற்கும் பிள்ளையின் கை முதலில் தேடுவது கைப்பிடியைத்தான். நீங்கள் முறுக்குவதைத் தினமும் கண்ணுக்கு நேராகப் பார்க்கிற பிள்ளை அது. வண்டி பாய்ந்ததும் பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடிக்கும், விடாது. வண்டியை அணைத்து, சாவியை எடுத்து, பிள்ளையை முதலில் இறக்கிவிட்டு அப்புறம் நீங்கள் இறங்குங்கள். ஸ்கூட்டருக்கும் டிவிஎஸ் எக்ஸெல்லுக்கும் கியர் போட்டு நிறுத்த வழியில்லை, இறக்கத்தில் சைடு ஸ்டாண்டில் விட்டால் முன்னே உருண்டு ஸ்டாண்டு தானே மடங்கிவிடும். நடு ஸ்டாண்டு போடக் கால் வலிக்கிறது என்கிறீர்கள். சரி, வலிக்கட்டும்.

தைப்பூசத்துக்கு நாம் எல்லாரும் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு சிவன்மலைத் தேர் பார்க்கப் போகிறோம். மலையைச் சுற்றி வரும் அந்தத் தேரை இழுக்கிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறவர்களை என் மகளுக்கு நான் காட்டியதில்லை. தேர் திரும்புவதும் நிற்பதும் அவர்கள் போடும் முட்டுக்கட்டையில்தான் இருக்கிறது. பேப்பரிலும் மேடையிலும் முட்டுக்கட்டை என்றால் காரியத்தைக் கெடுக்கிற சங்கதி என்று ஆக்கிவிட்டோம். எனக்கு அந்தச் சொல்லின் மேல் இப்போது பெரிய மரியாதை வந்திருக்கிறது. என் அப்பச்சி மாட்டை அவிழ்த்ததும் முதல் வேலையாக வண்டிச் சக்கரத்துக்குக் கல் வைப்பார், அப்புறம்தான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். களத்தில் அப்போது நாங்கள் ஏழெட்டுப் பேரப்பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்போம். கல் வைக்காமல் அவர் நகர்ந்து நான் பார்த்ததில்லை.

கல் வைக்கிறவர்களிடம் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. லாரிக்கு வைத்த கல்லை நடுரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறீர்கள். இருட்டில் ஷிப்டு முடிந்து திருப்பூரிலிருந்து பைக்கில் வரும் பையன் அதில் ஏறி விழுகிறான். அவனும் யாரோ பெற்ற பிள்ளைதான். அதனால்தான் கட்டை வேண்டும் என்கிறேன், அதுவும் கயிறு கட்டிய கட்டை. கயிற்றின் மறுமுனை கதவுக் கைப்பிடியில் மாட்டியிருக்கட்டும். எடுக்காமல் கிளம்ப முடியாது.

வேலமரத்தில் பன்னிரண்டு ஜோடி அறுக்கச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன். டயர் அகலம், ஐந்து அங்குல உயரம், ஒரு பக்கம் சாய்வாகச் செதுக்கியது. ஓட்டை போட்டு, தேங்காய் நார்க் கயிறும் கோத்தாயிற்று. கயிறு கோத்தவள் என் மகள். திங்கட்கிழமை மாலை நாலு மணிக்குப் பள்ளி வாசலில் வேப்பமரத்தடியில் இருப்பேன். காசு வேண்டாம். வண்டியை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு, பிள்ளையைக் கையில் பிடித்தபடி வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.