கோலமும் ஒரு மூலதனமே

கொடியில் சரம் பிடிக்கும்போதே முன்பணம் பெற்று மிளகை ஒப்புக்கொடுத்தவர், அறுவடைக் காலத்தில் விலை பேசும் உரிமையை இழந்துவிடுகிறார். கொல்லிமலையில் மிளகும் காப்பியும் பயிரிடும் அங்கத்தினர்களுக்கு இதனை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மலையடிவாரத்து நெசவாள அங்கத்தினர்களும் இவ்வாறே உரிமையிழக்க இடமுள்ள ஒரு முயற்சி இப்பொழுது பேசப்படுகிறது. கோயிற் சிற்பங்களையும் பழைய சிற்றோவியங்களையும் தழுவிப் பட்டுக் கம்பளம் நெய்யலாம் என்பதே அது. முயற்சியை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், தறி வாங்குமுன் அக்கம்பளத்தின் கோலம் யாருடைய உடைமை என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்பது நமது உறுதியான கருத்து.

கட்டடக் கலையும் நெசவும் நெடுங்காலமாகவே ஒன்றிடமிருந்து ஒன்று கற்று வந்துள்ளன. புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் குகைக் கோயிலில், கருவறை விதானத்தில் கோடிட்ட கரையும் சதுரங்களும் வட்டங்களுமாக, விரித்த கம்பளத்தையே ஒத்த ஓவியம் தீட்டப்பட்டிருக்கிறது. நெசவைப் பார்த்து ஓவியர் வரைந்தார் எனில், ஓவியத்தைப் பார்த்து நெசவாளர் நெய்வதில் புதுமை ஏதுமில்லை. சேலத்துக்கு அருகே தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் கல்லிற் கடைந்த தாமரைகள் நமக்காகக் காத்திருக்கின்றன.

பிற நாட்டார் இதனை முன்பே செய்து காட்டினர். பாரசீகத்தில் 1539-40இல் முற்றுப்பெற்ற அர்தபீல் கம்பளம் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் கண்காட்சிசாலையில் உள்ளது. அதன் பாவும் ஊடையும் பட்டு, முடிச்சு கம்பளி. நடுவில் பெரும் பதக்கமும், அதன் இரு மருங்கிலும் பள்ளிவாசல்களிற் காணும் தொங்கு விளக்குகளும் உள்ளன. நம் நாட்டிலும் அக்பர் ஆக்ரா, பத்தேபூர் சிக்ரி, லாகூர் ஆகிய நகரங்களில் கம்பளச் சாலைகள் அமைத்தார். மொகலாயச் சிற்றோவியக் காட்சிகளைத் தழுவி நெய்த கம்பளம் ஒன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கண்காட்சிசாலையில் இருக்கிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை. கம்பளம் காலால் மிதிக்கப்படும் பொருள். ஆகவே தெய்வ உருவங்களை அதில் அமைத்தல் தகாது. தாமரை, கொடி, அன்னம், கோபுரக் கரை, கட்டக் கோலம் ஆகியவையே தரைக்கு ஏற்றவை. உருவச் சித்திரம் வேண்டுவோருக்குச் சுவரில் மாட்டும் கம்பளத்தைத் தனியே நெய்து கொடுக்கலாம்.

இனி உழைப்பைக் கணக்கிடுவோம். அர்தபீல் கம்பளத்தில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 340 முடிச்சுகள் உள்ளன. அந்நெருக்கத்தில் ஒரு சதுர அடிக்கு 48,960 முடிச்சு ஆகும். நாலடிக்கு ஆறடிக் கம்பளம் எனில் 11,75,040 முடிச்சு. ஒருவர் நாளொன்றுக்கு 6,000 முடிச்சு போடுவதாகக் கொண்டால், 196 நாள் உழைப்பு. ஒவ்வொரு முடிச்சின் நிறத்தையும் முன்னரே கட்டத்தாளில் குறித்துத் தருபவரின் வேலை இதற்குப் புறம்பானது. காசுமீரத்தில் அவ்வாறு குறித்த ஓலைக்குத் தாலீம் என்றே தனிப்பெயர் உண்டு.

இத்தகைய கோலத்தைப் பாதுகாப்பின்றிச் சந்தைக்குக் காட்டினால், இயந்திரத்தில் அதன் நகல் வெளிவர 196 நாள் தேவைப்படாது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஜமக்காளம் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. முடிச்சுக் கம்பளத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பவானி ஜமக்காளத்துக்குக் கிடைத்துள்ள புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்குமேயன்றி, புதிதாக வரைந்த கோலத்தைக் காவாது. வடிவமைப்புச் சட்டம், 2000 இதற்கு வழி தருகிறது. புதிய கோலத்தைப் பதிவு செய்தால் 10 ஆண்டுகளும், புதுப்பித்தால் மேலும் 5 ஆண்டுகளும் உரிமை உண்டு. ஆனால் கோலத்தை வெளியிடுமுன் விண்ணப்பித்தாக வேண்டும். கோயில் தாமரை எவருக்கும் தனியுடைமை ஆகாது. அதனைக் கொண்டு நாம் புதிதாக அமைத்த கோலமே நமக்குரியது.

“வியாபாரி நூலும் கோலமும் தந்து கூலியும் தருகிறார், அது போதாதா?” என்று சில அங்கத்தினர் கேட்கக்கூடும். கையில் வரும் கூலியை விரும்புவது இயல்பே. எனினும் கூலி ஒரு கம்பளத்தோடு முடிகிறது. கோலம் அடுத்த கம்பளத்துக்கும் பயன் தருகிறது.

ஆதலால் நாம் வேண்டுவன மூன்று. சங்கம் ஒவ்வொன்றும் கோலப் பதிவேடு ஒன்று வைத்து, வரைந்தவர் பெயரையும் நாளையும் அதில் எழுதுக. பதிவு செய்யாத கோலத்தைக் கண்காட்சிக்கு அனுப்பாதிருக்க. அக்கோலத்தில் விற்கும் ஒவ்வொரு கம்பளத்துக்கும் வரைந்தவருக்கு ஒரு பங்கும், முடிச்சிட்டவருக்கு முடிச்சுக் கணக்கில் கூலியும் தருக.

அர்தபீல் கம்பளத்தின் ஒரு முனையில் மக்சூத் காஷானீ என்ற பெயர் நெய்யப்பட்டிருக்கிறது. கொல்லிப்பாவையின் புகழ் சங்க காலந்தொட்டு நிலைத்திருக்கிறது. அதனை வடித்த கை எவருடையதென்பதை எவரும் அறியார். நம் தறியில் பிறக்கும் கோலத்துக்கும் அந்நிலை நேரலாகாது.