முன்கூட்டியே தேர்தல்... 2004-ல் வாஜ்பாய் போட்ட கணக்கு தமிழ்நாட்டில் ஏன் பலிக்கவில்லை?

ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து படப்பை வழியாக வீடு திரும்பும் இளைஞர்கள் பலருக்கு 2004 மக்களவைத் தேர்தல் ஞாபகம் இருக்க வாய்ப்பில்லை. ஆனால், தேர்தல் நேரத்தை ஆளுங்கட்சியே தனக்குச் சாதகமாக முடிவு செய்தால் ஜெயித்துவிட முடியுமா என்ற கேள்விக்கு அதுதான் நல்ல உதாரணம்.

அப்போதைய மக்களவைக்கு அக்டோபர் வரை ஆயுள் இருந்தது. 2003 டிசம்பரில் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கரை பாஜக கைப்பற்றியது. காற்று நம்ம பக்கம்தான் என்று நம்பிய வாஜ்பாய் அமைச்சரவை பரிந்துரைக்க, பிப்ரவரி 6-ல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவையைக் கலைத்தார். 'இந்தியா ஒளிர்கிறது' விளம்பரம் டிவியில் ஓடிக்கொண்டே இருந்தது.

தமிழ்நாட்டில் கதையே வேற. கூட்டணியில் இருந்த திமுக அந்த டிசம்பரிலேயே வெளியேறிவிட்டது. பாஜக கைகோர்த்தது, மாநிலத்தை ஆண்ட அதிமுகவுடன். சிக்கல் அங்கேதான். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்கள், ஆசிரியர்களை ஜெயலலிதா அரசு டிஸ்மிஸ் செய்திருந்தது. பெரும்பாலானோர் மறுபடி வேலையில் சேர்ந்தாலும் கோபம் அடங்கவில்லை. விவசாயிகளுக்கான இலவச மின்சாரமும் நின்றுபோயிருந்தது. டெல்லிக்குப் போட்ட ஓட்டில் கோட்டை மீதான கோபமும் சேர்ந்தே விழுந்தது.

திமுக கூட்டணிக்கு 39-க்கு 39. இன்று படப்பை அடங்கியுள்ள ஸ்ரீபெரும்புதூர் தொகுதியும் அதில் ஒன்று. நாடு முழுக்க காங்கிரஸுக்கு 145, பாஜகவுக்கு 138. வெறும் 7 சீட் வித்தியாசம்! மே 13-ல் வாஜ்பாய் ராஜினாமா செய்தார். சில நாட்களிலேயே, விவசாயிகளுக்கு மீண்டும் இலவச மின்சாரம் என்று ஜெயலலிதா அறிவித்தார்.